இழக்கக் கற்பித்தல்: ஈவ் ஆன்லைனின் புதியவர் கையேடுகளை முன்வைத்து

கணினி ஆட்டத்தைப் பற்றியெல்லாம் ஒரு கட்டுரையா என்று தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். ஓர் ஆட்டத்துக்குள் புதுசாக நுழைகிறவருக்கு அங்கே ஏற்கனவே இருப்பவர்கள் எதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள், எதற்காகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்கிற கேள்வி கல்வியும் அதிகாரமும் முட்டிக்கொள்கிற இடம். பாவ்லோ பிரெய்ரேயை வாசித்துவிட்டு நாம் பள்ளிக்கூடத்தையே முறைத்துப் பார்த்துக் கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடமே இல்லாத ஓரிடத்தில், சம்பளமும் சான்றிதழும் இல்லாமல், முகந்தெரியாத ஆட்களுக்காக ஒரு கூட்டம் பாடம் எழுதி வைத்துக்கொண்டே இருக்கிறது என்றால் அது ஏன் என்று கேட்க வேண்டாமா?

நான் எடுத்துக்கொள்வது ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட ஆட்டம். இலவசக் கணக்கில் நானும் சில மாதங்கள் ஆடினேன். ஆடியதைவிட அதன் கையேடுகளை வாசித்ததுதான் அதிகம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மூலத்தைவிட உரை மேல் பித்து அதிகம் இருப்பது இயல்புதானே.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 7000-க்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள். சீனாவுக்கெனத் தனி சர்வர் இருக்கிறது. மற்றபடி உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே வெளியில்தான் உலவுகிறார்கள். நீங்கள் ஒரு விமானி. கனிமம் தோண்டலாம், கப்பல் கட்டலாம், வாங்கி விற்கலாம், கொள்ளையடிக்கலாம், கூலிக்குப் போர் செய்யலாம், ஒன்றும் செய்யாமல் சுற்றியும் வரலாம். சந்தையில் நிற்கும் கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை ஆட்டக்காரர் ஒருவர் தோண்டிய தாதுவிலிருந்து இன்னொருவர் கட்டியவை. இங்கேதான் விஷயம்: உடைந்த கப்பல் உடைந்ததுதான். மற்ற ஆட்டங்களில் செத்தால் சற்றுத் தள்ளி எழுந்து அதே வாளோடு ஓடலாம். இங்கே விமானி மட்டும் நகலுடலில் கண் விழிக்கிறான். மூன்று வாரம் உழைத்து வாங்கிய கப்பல் போயே போச்சு. அதன் மிச்சத்தைக் கொன்றவன் அள்ளிக்கொண்டு போகிறான்.

இதனால்தான் ஆட்டக்காரர்கள் மத்தியில் ஒரு கேலிச்சித்திரம் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. மற்ற ஆட்டங்களின் கற்றல் கோடுகள் மெல்ல மேலேறும் சரிவுகளாக வரையப்பட்டிருக்கும். ஈவின் கோடு செங்குத்தாக ஏறி, பின்பக்கமாக வளைந்து தொங்கும். அதிலிருந்து குச்சி மனிதர்கள் கொத்துக் கொத்தாக விழுந்து சாவார்கள். பழையவர்கள் இதைப் பெருமையோடு காட்டுகிறார்கள். நான் ஏறிவிட்டேன், நீ ஏறுவாயா பார்ப்போம் என்கிற தொனி அதில் உண்டு. தண்டியலங்காரம் தெரியாதவனோடு என்ன பேச்சு என்று முதுகலை வகுப்பில் கேட்ட தொனிதான் இது.

ஆனால் கையேடுகளின் தொனி வேறு. எந்தக் கையேட்டைத் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே ஒரு விதி நிற்கிறது: இழக்கத் தாங்காத கப்பலை ஓட்டாதே. இது சிக்கன அறிவுரை மாதிரித் தெரியும். கொஞ்சம் நின்று யோசித்தால் இது ஒரு முழுக் கல்விக் கொள்கை. கப்பல் வாங்கும்போதே அதை இழந்ததாகக் கணக்கு எழுதிவிடு. அப்போதுதான் அதை வைத்து எதையாவது செய்து பார்க்க உன் கை நடுங்காது. நல்ல கையேடுகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன: ஃபிரிகேட் என்னும் மிகச் சின்னக் கப்பலை ஒரு டஜன் வாங்கு, எல்லாவற்றையும் சண்டையில் தொலைத்துவிட்டு வா, அதற்குப் பிறகு பேசுவோம். தேர்ச்சியை மதிப்பெண்ணால் அளக்கப் பழகிய நமக்கு, தோல்வியின் எண்ணிக்கையை இலக்காக வைக்கிற பாடத்திட்டம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பாடம் போலீஸ் பற்றியது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் 1.0-இலிருந்து சைபருக்குக் கீழ்வரை ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5-உம் அதற்கு மேலும் 'உயர் பாதுகாப்பு'. அங்கே கன்கார்ட் என்ற காவல்படை இருக்கிறது. சும்மா போகிற உங்களை ஒருவன் சுட்டால் கன்கார்ட் வந்து அவன் கப்பலை நொறுக்கும், அதிலிருந்து அவன் தப்ப முடியாது. புதியவர் இதைக் கேட்டு நிம்மதியடைகிறார். கையேடு உடனே குறுக்கிடுகிறது: கன்கார்ட் உன்னைக் காப்பாற்றாது, பழிதான் வாங்கும். அது வந்து சேர்வதற்குள் உன் கப்பல் தூளாகிவிடலாம். தாக்குபவன் தன் கப்பலும் போகும் என்பதைத் தெரிந்தே, அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு வருகிறான். நீ சுமந்து செல்லும் சரக்கின் விலை அவன் இழக்கப்போகும் மலிவான கப்பல்களின் விலையைவிட அதிகமா? அப்படின்னா நீ இரை. குறைவா? நிம்மதியாகப் போ. ஆகவே சரக்கைப் பிரித்துப் பிரித்துக் கொண்டுபோ, கப்பலை ஆளில்லாமல் தானாக ஓடவிட்டுத் தூங்காதே என்பது நடைமுறை ஆலோசனை. தண்டனை ஒரு விலையாக மாறிவிட்டால் சட்டம் யாரைத் தடுக்கும் என்று இதற்குள் ஒரு அரசியல் பாடமும் இருக்கிறது. அதைக் கையேடு சொல்வதில்லை. ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டே கற்றுக்கொள்கிறார்கள்.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது மோசடி. ஜீட்டா என்ற மண்டலம்தான் பெரும் சந்தை. அங்கே பொது அரட்டையில், பணம் அனுப்பு இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று நாள் முழுக்கக் கூவிக்கொண்டிருப்பார்கள். இது ஆட்ட விதிகளுக்குள் அனுமதிக்கப்பட்டது. நிறுவனத்திடம் புகார் செய்து பயனில்லை. ஆரம்ப மண்டலங்கள் சிலவற்றில் மட்டும் புதியவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று விதி இருக்கிறது. அந்த வேலியைத் தாண்டினால் நீங்கள் வயதுக்கு வந்தவர்.

நான் மிகவும் மதிக்கிற கற்றல் சாதனம் கையேடே இல்லை. அது சாவுக் குறிப்பு. ஒவ்வொரு கப்பல் உடையும்போதும் ஆட்டம் ஒரு பதிவை உண்டாக்குகிறது: யாருடைய கப்பல், எந்த மண்டலம், என்னென்ன கருவி பொருத்தியிருந்தது, யார் யார் சுட்டார்கள், எந்த ஆயுதத்தால், கடைசி அடி யாருடையது, எது எரிந்தது, எது மிஞ்சியது. ஆட்டக்காரர் ஒருவர் உருவாக்கிய இசட்கில்போர்டு என்ற தளம் இவற்றைத் திரட்டிப் பொதுவில் வைக்கிறது. வாசிக்கத் தெரிந்தவருக்கு இதைவிடப் பெரிய பாடநூல் கிடையாது. கவசத்தையும் கேடயத்தையும் ஒரே கப்பலில் அரைகுறையாக அடைத்து எந்தப் பக்கமும் வலுவில்லாமல் செத்தவனின் பதிவையும், ஒன்றை மட்டும் நம்பி நான்கு பேரோடு நின்றவனின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கப்பல் பொருத்துகிற இலக்கணம் பிடிபட்டுவிடும். அடுத்து, பைஃபா என்ற இலவச மென்பொருளில் அதே கப்பலை நீங்களே பொருத்திப் பார்க்கலாம். இதுவும் ஆட்டக்காரர்கள் ஆக்கியதுதான். டாட்லான் என்ற வரைபடத் தளத்தில் எந்த மண்டலத்தில் கடந்த சில மணி நேரத்தில் எத்தனை கப்பல் உடைந்தது என்று பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

தோற்றவனின் பெயரோடு தோல்வியை எல்லோருக்கும் காட்டுவது அவமானப்படுத்தல் அல்லவா என்று கேட்கலாம். ஆம், அப்படியும் பயன்படுகிறது. மோசமாகப் பொருத்திய கப்பலை இழந்தவனை அவனுடைய கூட்டாளிகளே கிண்டலடிப்பார்கள். ஆனால் தளபதிகளும் இருபதாண்டுக்காரர்களும் செத்த குறிப்புகள் அதே பட்டியலில்தான் கிடக்கின்றன. அவர்கள் தங்கள் தோல்வியை மறைக்க முடியாது. ஜெயித்தவன் மட்டுமே வரலாறு எழுத முடியாதபடி இந்த ஆவணக்காப்பகம் கட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு வழக்கமும் உண்டு. சண்டை முடிந்ததும் இரு தரப்பும் 'நல்ல சண்டை' என்று இரண்டெழுத்துச் சுருக்கத்தில் எழுதிக்கொள்வார்கள். கையேடுகள் புதியவரிடம் சொல்கின்றன: உன்னைக் கொன்றவனுக்குக் கடிதம் போடு, எப்படிக் கொன்றாய் என்று கேள். பலர் பதில் எழுதுவார்கள், சிலர் புதுக்கப்பல் வாங்கக் காசும் அனுப்புவார்கள். எதிரியிடம் கற்பது என்பது இங்கே உருவகமாக இல்லாமல் நடைமுறையாகவே இருக்கிறது.

இனிப் பிறப்பு விவகாரம். நம் நன்னூலார் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு தொடங்கி ஓட்டைக்குடம், எருமை, நெய்யரி வரை தரம் பிரித்தாரே, ஈவ் அதைப் பிறப்பிலேயே செய்தது. இந்த ஆட்டத்தில் திறன்கள் ஆடி வருவதில்லை, நேரத்தால் வருகின்றன. ஒரு திறனை வரிசையில் போட்டுவிட்டால் நீங்கள் தூங்கும்போதும் அது ஏறிக்கொண்டிருக்கும். ஏறும் வேகம் நினைவாற்றல், மனவுறுதி போன்ற பண்புகளைப் பொறுத்தது. ஆரம்ப ஆண்டுகளில் இந்தப் பண்புகள் நீங்கள் தேர்ந்தெடுத்த இனம், குருதிவழி, மூதாதை இவற்றால் தீர்மானிக்கப்பட்டன. கையேடுகள் கூசாமல் சொல்லின: அச்சுராவாகப் பிற, அவர்களுக்குத்தான் படிப்பு சீக்கிரம் வரும். விளைவு, விண்வெளி முழுக்க அச்சுரா முகங்கள். குருதிக்கும் படிப்புக்கும் முடிச்சுப் போடுவது நமக்குப் புதிதா என்ன? 2009 மார்ச்சில் வந்த மாற்றத்தோடு இது ஒழிந்தது. புதியவர் எல்லோரும் சமமான பண்புகளோடு தொடங்கினர், பிறகு தாங்களே மாற்றியமைத்துக்கொள்ளவும் முடிந்தது.

அதைவிட வேடிக்கையானது 'கற்றல் திறன்கள்' என்ற வகை. மற்றவற்றை வேகமாகக் கற்பதற்காக மட்டுமே கற்க வேண்டியவை. அவற்றால் ஒரு துப்பாக்கியும் சுடாது, ஒரு கப்பலும் நகராது. அன்றைய கையேடுகள் வந்த முதல் வாரங்களிலேயே இவற்றை முடித்துவிடு என்று அடித்துச் சொல்லின. அதாவது, ஆட வந்தவனிடம் முதலில் ஆடாதே என்றன. இறுதியில் கிடைக்கும் லாபத்தைக் கணக்கிட்டால் அறிவுரை சரிதான். ஆனால் அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் சலித்து வெளியேறியிருப்பார்கள்? 2010 டிசம்பரில் இந்த வகையே நீக்கப்பட்டு, செலவழித்த புள்ளிகள் திருப்பித் தரப்பட்டன. கோட்பாட்டை முழுதாகப் படித்துவிட்டுப் பிறகு களத்துக்கு வா என்று புதிய தோழரிடம் பத்துப் புத்தகப் பட்டியலை நீட்டுகிற நம் வாசிப்பு வட்டங்களை நினைத்துக்கொண்டேன்.

பிறப்பு போனது, பணம் வந்தது. 2016 பிப்ரவரி முதல், ஒருவர் கற்ற திறனைப் பிழிந்தெடுத்து ஊசியாக விற்கலாம், இன்னொருவர் வாங்கிக் குத்திக்கொள்ளலாம். ஒரு பிழிசலுக்கு 5 லட்சம் புள்ளி. வாங்குகிறவரிடம் 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் 5 லட்சமும் முழுதாக ஏறும். 8 கோடிக்கு மேல் வைத்திருக்கும் பழையவருக்கு 1.5 லட்சம்தான் ஏறும். புதியவர்களுக்குச் சலுகை என்று தோன்றும். காசுள்ள புதியவருக்கு என்று திருத்தி வாசிக்க வேண்டும். உழைப்பிலிருந்து நேரத்தைப் பிரித்து, நேரத்தைச் சரக்காக்குவதற்கு இதைவிட அப்பட்டமான எடுத்துக்காட்டு கிடைக்காது. இருந்தாலும் பெரும்பாலான பழையவர்கள் புதியவரிடம் 'வாங்காதே' என்றே சொல்கிறார்கள். புள்ளி ஏறும், கை ஏறாது. பெரிய கப்பலில் ஏறிய புதியவர் பெரிதாகத்தான் தொலைப்பார்.

சரி, இந்தக் கையேடுகளை எழுதுவது யார்? நிறுவனம் தன் பங்குக்குப் பயிற்சிப் பகுதி, அதை முடித்ததும் தொழில்வாரியாகச் சின்னச் சின்ன வேலை கொடுத்துப் பழக்கும் முகவர்கள், புதியவர் கேள்வி கேட்க ஓர் அரட்டை அறை எனச் சிலவற்றை வைத்திருக்கிறது. முகவர்களின் வேலைகளைத் தவறாமல் முடிப்பது நல்லது, முதல் சில கப்பல்கள் அவர்களிடமே கிடைத்துவிடும். ஆனால் கனமான வேலை ஆட்டக்காரர்களுடையது. 2004-இல் ஆட்டக்காரர்களே தொடங்கிய ஈவ் யுனிவர்சிட்டி இதில் முதன்மையானது. குரல் வழி வகுப்புகள், களப் பயிற்சிகள், பிரம்மாண்டமான ஒரு விக்கி. நிறுவனம் தானே நடத்திய கலைக்களஞ்சியத்தை 2016-இல் மூடியபோது, புதியவரும் பழையவரும் இந்த விக்கியையே நாடினார்கள். அரசு கைவிட்ட நூலகத்தை ஊர்க்காரர்கள் நடத்துகிற மாதிரி.

யுனிவர்சிட்டியையும் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அங்கே பட்டங்கள் உண்டு, படிநிலை உண்டு. வெளியார் போர் அறிவித்தால் மாணவர் எங்கே போகலாம், எதை ஓட்டலாம் என்று நீண்ட போர்க்கால விதிகள் போட்டார்கள், அவை பல புதியவர்களைத் துறைமுகத்தில் முடக்கின. ஆனாலும் ஒரு விஷயத்தில் அது மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. படித்து முடித்தவர் வேறு அமைப்புக்குப் போவது அங்கே எதிர்பார்க்கப்படுவது. போனவர் துரோகி ஆவதில்லை. நாளைக்கு எதிர் அணியிலிருந்து வந்து யுனிவர்சிட்டிக் கப்பலையே சுடலாம், சுட்டிருக்கிறார்கள். வெளியேறியவரை வசைபாடியே வயிறு வளர்க்கும் அமைப்புகளில் இருந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

மறுபக்கம் பெருங்கூட்டணிகளின் புதியவர் முகாம்கள். 2013-இல் பிரேவ் நியூபீஸ், 2015-இல் பாண்டெமிக் ஹோர்ட் என்று புதியவர்களை அள்ளிச் சேர்க்கும் அமைப்புகள் எழுந்தன. இலவசக் கப்பல், இலவசப் பாடம், கேள்வி கேட்டால் திட்டாத ஆட்கள், முதல் நாளே சண்டை. இதில் பொய்யில்லை, நிஜமாகவே கொடுக்கிறார்கள். ஏன் கொடுக்கிறார்கள்? நேற்று வந்தவனின் மலிவான ஃபிரிகேட்டில் ஒரு கருவியைப் பொருத்தினால் எதிரியின் விலையுயர்ந்த பெருங்கப்பலைத் தப்பியோட விடாமல் இறுக்கிப் பிடிக்க முடியும். அவன் அரை நிமிடம் பிடித்தால் போதும், மற்றவர்கள் வந்து அடிப்பார்கள். அதற்குள் அவன் செத்தாலும் லாபமே. இருபதாண்டுக் கப்பலை ஒரு நாள் வயதுக்காரன் மடக்க முடிகிற இந்த இடம் உண்மையிலேயே ஜனநாயகமானது. அதே இடம்தான் காலாட்படை தயாராகும் இடமும். அணியில் சேர்ந்ததும் அவனுக்குச் சொல்லப்படுவது: பேசாதே, கேள். தளபதி 'திரும்பு' என்றால் திரும்பு, 'தாவு' என்றால் தாவு, பெயர் சொன்ன கப்பலைச் சுடு. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில், ஓர் உரிமைக் கட்டணம் கட்டப்படாமல் போனதில் தொடங்கி 21 மணி நேரம் நடந்த போரில் 7500-க்கும் மேற்பட்டோர் ஈடுபட்டார்கள், 75 டைட்டன்கள் அழிந்தன. மூன்று லட்சம் டாலர் சேதம் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்தக் கணக்கெல்லாம் டைட்டன் வைத்திருந்தவர்களைப் பற்றியது. சர்வர் தாங்காமல் காலமே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைக்கப்பட்ட அந்த வெளியில், சின்னக் கப்பலில் உத்தரவுக்குக் காத்திருந்தவன் என்ன கற்றான் என்று யாரும் எழுதவில்லை.

புதியவன் படைவீரனாக மட்டுமல்ல, சந்தேக நபராகவும் இருக்கிறான். 2005-இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிக்குழு ஒரு கார்ப்பரேஷனுக்குள் பல மாதங்கள் ஆட்களை ஊடுருவ வைத்து, ஒரே நாளில் தலைவியைக் கொன்று கிடங்குகளைத் துடைத்துச் சென்றது. விதிமீறல் எதுவுமில்லை. அதன் பிறகு நம்பிக்கைக்கு விலை கூடிப்போனது. சேர வருபவரின் கணக்கு விவரங்களை, கடிதங்கள், பணப் பரிமாற்றம் உட்பட, பார்க்க அனுமதி கேட்பது பல அமைப்புகளில் சடங்காகிவிட்டது. கற்பிப்பதற்கு முன் கண்காணிப்பு. கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். கொடுக்காவிட்டால் சேர்க்க மாட்டார்கள் என்பது அவர்கள் விருப்பம். யுனிவர்சிட்டியின் விக்கியும் பொது வகுப்புகளும் இந்தச் சோதனைச்சாவடிக்கு வெளியே இருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நிறுவனத்தின் அக்கறை எங்கே? 2015-இல் ரெய்க்யவிக்கில் நடந்த ஆண்டு விழாவில் வடிவமைப்பாளர் ஒருவர் புள்ளிவிவரம் காட்டினார்: வந்த முதல் 15 நாளில் பிற ஆட்டக்காரரால் கொல்லப்பட்டவர்கள், யாராலும் சீண்டப்படாதவர்களைவிட அதிகமாகத் தங்குகிறார்கள். கொள்ளைக்காரர்கள் இதைத் தங்களுக்குக் கிடைத்த நற்சான்றாகத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். துணிந்து வெளியே போகிறவர்தான் சாவார், துணிந்தவர்தான் தங்கவும் செய்வார் என்று எளிமையாகவும் இதை வாசிக்கலாம். எனக்குப் படுவது வேறு. கொல்லப்படும்போதுதான் புதியவருக்கு இன்னொரு மனித உயிர் எதிர்ப்படுகிறது. தனியாகக் கல்லுடைத்துக் கொண்டிருந்தவனோடு யாரும் பேசியிருக்கவில்லை.

நுழைய நினைக்கும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். இலவசக் கணக்கே போதும், 2016 நவம்பரிலிருந்து அந்த வசதி உண்டு. கையேட்டை வாசிக்கும்போது அதன் தேதியைப் பாருங்கள், ஆட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் பழைய அறிவுரை விஷமாகும். யார் எழுதியது, எந்த அமைப்பில் சேரச் சொல்லி முடிகிறது என்றும் பாருங்கள். ஆட்டம் தமிழில் இல்லை, ஆங்கிலத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஆட்டத்தின் கடிகாரம் கிரீன்விச் நேரம். தினசரிப் பராமரிப்பு அங்கே 11 மணிக்கு, நமக்கு மாலை 4.30. ஐரோப்பியர்களின் சண்டை சூடுபிடிக்கும்போது நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். ஆகவே எந்த அமைப்பில் சேருமுன்னும் உங்கள் ஆட்கள் எத்தனை மணிக்கு விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான கையேடுகள் இதைச் சொல்வதில்லை, எழுதியவர்களின் இரவு அதுவாகவே இருப்பதால்.